பின்வாசலில் ஒரு நிமிடத்தின் எடை

1

பள்ளி மலருக்கு ஏதாவது எழுது என்று மூன்று முறை சொல்லி அனுப்பிவிட்டீர்கள். அயலில் வாழ்பவர்களுக்கென்று அதில் ஒரு பகுதியாம். குவைத்திலிருந்து ஒருவர் எழுதுகிறார், மெல்போர்னிலிருந்து ஒருவர், வைட்ஃபீல்டிலிருந்து நான். அவர்கள் கடல் தாண்டினார்கள். நான் தாண்டியது பங்காருப்பேட்டை ஜங்ஷனை.

ஆனாலும் மறுக்கத் தோன்றவில்லை. தங்கவயலை விட்டு வந்து இருபத்திரண்டு வருடம். நான் வந்து சேர்ந்த இடம் ரயில் கணக்கில் பக்கம். வேறு எந்தக் கணக்கில் பார்த்தாலும் தூரம். பதினோராவது மாடியில் வீடு. விரலை வைத்தால் கதவு திறக்கும். கோபம் வந்தால் எனக்குக் கன்னடம் வருகிறது, வெட்கம் வந்தால் இங்கிலீஷ் வருகிறது. தமிழ் எதற்கு வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். பல் வலிக்கு வருகிறது.

மகள் நிவேதா கல்லூரியில் இரண்டாம் வருடம். ஒருநாள் கேட்டாள்: "லைன் லைன்னு சொல்றீங்களே, லைன்னா க்யூவாப்பா?"

"இல்லம்மா, வீடு. சுரங்கத் தொழிலாளிங்களுக்கு வரிசையா கட்டிக் கொடுத்த வீடு. ஒரு சுவரு ரெண்டு வீட்டுக்கும் பொது."

"ஓ, ரோ ஹவுஸ்! சூப்பர்ப்பா. இங்க அதெல்லாம் எவ்ளோ காஸ்ட்லி தெரியுமா?"

தெரியும் என்றேன். விளக்கவில்லை. விளக்காமல் விட்டவை அந்தப் பதினோராவது மாடியில் நிறையச் சேர்ந்துவிட்டன.

நீங்களோ, உங்களில் எத்தனையோ பேர், தினமும் காலை ரயிலில் வந்து வைட்ஃபீல்டில் இறங்குகிறீர்கள். மாலை ரயிலில் திரும்புகிறீர்கள். என் அயல்நாட்டுக்கு டிபன் பாக்ஸோடு வந்து போகிறீர்கள். நான்தான் அந்தப் பக்கம் வருவதில்லை. அப்படி வந்து போகிறவர்களில் ஒருத்தி ஜெயமேரி அக்கா. எங்கள் லைனில் ஏழாவது வீடு அவளுடையது, எட்டாவது எங்களுடையது. அந்தப் பொதுச் சுவர் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில்தான்.

இதை எழுதுகிறேன் என்று சொல்லி, பெயரை மாற்றிப் போடட்டுமா என்று அவளிடம் கேட்டேன்.

"எதுக்கு? தப்பு பண்ணது நானா?" என்றாள்.

அதனால் பெயர் அப்படியே இருக்கிறது.

2

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஐ.டி. பார்க்கில் பகிர்வு வேன்கள் ஓடுகின்றன. ஏழு பேர் உட்காரலாம். பஸ் மாதிரி நிலையான தடம் கிடையாது, நேர அட்டவணையும் கிடையாது. செல்போனில் எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று அழுத்தினால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேன்களில் ஒன்று உங்களையும் அள்ளிக்கொண்டு போகும். எது அள்ள வேண்டும் என்று முடிவு செய்யும் கணக்கு என்னுடையது. என் குழுவுடையது என்று சொல்ல வேண்டும். இன்றைக்கு மட்டும் என்னுடையது என்றே இருக்கட்டும்.

கணக்கு எளிதுதான். புதிதாக ஒருவர் அழைத்தால், ஒவ்வொரு வேனின் பாதையிலும் அவரை இங்கே செருகலாமா, அங்கே செருகலாமா என்று போட்டுப் பார்க்கும். செருகினால் உள்ளே இருப்பவர்களுக்கு எத்தனை நிமிடம் வீண், செருகாவிட்டால் இவருக்கு எத்தனை நிமிடம் காத்திருப்பு. இரண்டையும் தராசில் வைக்கும். எது இலேசோ அதைச் செய்யும். ஒரு கண் சிமிட்டலில் ஆயிரம் தடவை செய்யும். தொடங்கிய காலத்தில் திரையில் வேன்கள் புள்ளிகளாக நெளிந்து நெளிந்து வழி மாற்றிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். மழை விட்டதும் பறக்கும் ஈசல் மாதிரி இருக்கும். எனக்கே நம்பிக்கை வந்து காரை விற்றுவிட்டேன். நான் செய்த வண்டியில் நானே போகாவிட்டால் எப்படி?

முதலாண்டு நிறைவுக்கு கேக் வாங்கினார்கள். வேன் வடிவத்தில் வெள்ளை கேக், சக்கரத்துக்கு பிஸ்கட். சராசரிக் காத்திருப்பு பாதியாகக் குறைந்தது என்று கௌதம் பேசினார். கௌதம் எனக்கு மேலதிகாரி, என்னைவிட எட்டு வயது இளையவர், நல்ல மனிதர். கத்தியை என் கையில் கொடுத்தார்கள். முன் சக்கரத்தை வெட்டினேன். கைதட்டல். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"டேய்... சாமு? சாமுவேலு தான?"

நீல நிறச் சீருடை, கையில் கறுப்புக் குப்பைப் பை. காகிதத் தட்டுகளைச் சேகரிக்க வந்தவள். நரை விழுந்திருந்தது. மற்றபடி அதே மூக்குத்தி, அதே இடுப்பில் கை.

சுற்றிப் பன்னிரண்டு பேர். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் இங்கிலீஷில் பேசினேன். "ஹாய்! ஹவ் ஆர் யூ? வில் கேட்ச் யூ லேட்டர், ஓகே?" என்றேன். வார்த்தை வார்த்தையாக எனக்கு நினைவிருக்கிறது. ஒரு கிளையன்ட்டிடம் பேசுகிற பல் தெரியும் சிரிப்போடு சொன்னேன்.

அவள் என் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். "முடிச்சிட்டீங்களா சார்?" என்றாள். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்தவரிடம் போனாள்.

டேய் என்றவள் சார் என்று மாற அரை நிமிடம்கூட ஆகவில்லை. மாற்றியது நான்.

3

அரை மணி கழித்துத் தேடிப் போனேன். நான்காவது மாடியில், லிஃப்டுக்குப் பின்னால், துடைப்பங்கள் சாத்தி வைக்கும் சந்தில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். யாரும் இல்லாததால் எனக்குத் தமிழ் வந்தது.

"அக்கா, சாரிக்கா. மீட்டிங் மாதிரி..."

"உடு. கேக்கு நல்லா இருந்துச்சா?" என்று நகர்ந்து இடம் விட்டாள். கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தேன்.

வந்து எட்டு மாதம் ஆகிறதாம். இதே கட்டடம், வேறு வேறு மாடி. சின்னப்பன் மாமாவைப் பற்றிக் கேட்டேன். அவள் அப்பா, கடைசிவரை சுரங்கத்தில் கீழே இறங்கியவர். கல் தூசி தின்ற நுரையீரல்.

"மிஷினு வாங்கி வெச்சிருக்கோம், காத்து குடுக்கறது. கரண்டு போச்சின்னா மிஷினு நின்னுடும். அப்ப சிலிண்டருக்கு டியூப மாத்தணும். அவரால அந்தத் திருகாணிய திருவ முடியாது, கையி நடுங்குது. பக்கத்து வூட்டு ஸ்டெல்லா ஏழரை வரிக்கும் பாத்துக்கறா. அப்பறம் அவ ட்யூட்டிக்கி போயிடுவா. நம்மூர்ல கரண்டு போறதுக்கு நேரம் காலமா இருக்கு?"

"நீங்க எத்தனை மணிக்குப் போய்ச் சேருவீங்க?"

"ஆறேகால் ரயில புடிச்சா ஏழரைக்கு வூட்ல. உட்டா அடுத்தது ரெண்டு மணி நேரம் கழிச்சி." டீயை ஆற்றினாள். "அதான் சொல்றேன், இங்க ஒரு வேனு வுட்டுருக்கானுங்க பாரு. எவன் கண்டுபுடிச்சானோ. அஞ்சரைக்கி டியூட்டி முடியுது, போன்ல அமுக்கறேன், இருவத்தஞ்சி நிமிசம்னு காட்டுது. முன்னாடி ரோட்ல காலி வேனு போவுது, கண்ணால பாக்கறேன். எங்களுக்கு பின்வாசல்தான், அங்க வராது. வாரத்துல ரெண்டு நாளாவது ரயில் போயிடுது. எங்க சரோஜா சொல்றா, 'அந்த வண்டிக்கு நம்ம மூஞ்சி புடிக்கல'ன்னு."

சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்:

"அது கம்ப்யூட்டர் போடறதுக்கா. ஆளுங்க யாரும் கையில இல்ல."

கேக் முன்னால் பேசிய இங்கிலீஷைவிட மோசமானது இந்தத் தமிழ் வாக்கியம்.

4

மேசைக்குத் திரும்பிப் பதிவுகளைத் திறந்தேன். அவளுடைய எட்டு மாதமும் அங்கே இருந்தது. எந்த மாலை அழைத்தாள், எவ்வளவு நேரம் நின்றாள், எந்த வேன் அவளைத் தாண்டிப் போனது, எல்லாம். ரயில் தவறிய நாட்களை நானே குறித்துக்கொண்டு வந்தேன். கொஞ்சம் போனதும் நிறுத்திவிட்டேன்.

ஒரு நாளை மட்டும் விரித்துப் பார்த்தேன். அன்று மாலை மழை. ஐந்து முப்பத்தைந்துக்கு அவள் பின்வாசலிலிருந்து அழைத்திருக்கிறாள். ஐந்து நாற்பதுக்கு ஒரு வேன் அந்தத் தெரு முனையைத் தாண்டியிருக்கிறது. உள்ளே நான்கு பேர், மூன்று இருக்கை காலி. பின்வாசலுக்குத் திரும்பி அவளை ஏற்றிக்கொண்டு மறுபடி சாலையேற மூன்று நிமிடம். நான்கு பேருக்கு மூன்று மூன்று நிமிடம் வீண், ஆகப் பன்னிரண்டு. அவளை விட்டுப் போனால் அடுத்த வேனுக்கு அவள் நிற்க வேண்டியது இருபத்தைந்து நிமிடம்.

பன்னிரண்டா இருபத்தைந்தா என்று நிவேதா ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். வேன் திரும்பியிருக்க வேண்டும்.

திரும்பவில்லை. ஏனென்றால் கணக்கில் எல்லா நிமிடமும் ஒரே எடை இல்லை. ஊழியர்களின் நிமிடத்துக்கு எடை ஒன்று. 'உதவிப் பணியாளர்' என்ற பிரிவின் நிமிடத்துக்கு எடை 0.4. இருபத்தைந்தை 0.4 ஆல் பெருக்கினால் பத்து. பன்னிரண்டைவிடப் பத்து இலேசு. வேன் போய்விட்டது.

அந்த 0.4 ஐப் போட்டவன் நான்.

வேனில் இருந்த நான்கு பேரின் ஊழியர் எண்களைப் பார்த்தேன். மூன்றாவது எண் என்னுடையது.

அந்த மாலை எனக்கு நினைவு வந்தது. மழையில் இரண்டே நிமிடத்தில் வண்டி வந்துவிட்ட சந்தோஷத்தில் திரையைப் படம் பிடித்துக் குழுவுக்கு அனுப்பியிருந்தேன். எல்லோரும் கட்டைவிரல் உயர்த்தினார்கள். தெரு முனையைத் தாண்டும்போது யாரோ கையை உயர்த்தினார்கள். தலையில் பிளாஸ்டிக் உறை. டிரைவர் மஞ்சுநாத் வேகத்தைக் குறைத்தார், திரையைப் பார்த்தார், "புக்கிங் இல்லா சார், நில்லிசோக்கே ஆகல்லா" என்றார். நிறுத்த முடியாதாம். பரவாயில்லை போங்க என்று நான் அவரிடம் கன்னடத்தில் சொன்னேன். எவ்வளவு சரளமாகச் சொன்னேன்! பிறகு கட்டைவிரல்களை எண்ணத் தொடங்கினேன்.

கையை உயர்த்தியது அவள்தானா, சரோஜாவா, வேறு யாராவதா, தெரியாது. தெரியாமல் இருப்பது ஆறுதலாக இல்லை.

5

அந்த எண் எப்படி வந்தது என்று சொல்லாமல் போனால் இதை எழுதியே பயனில்லை.

யாரும் என்னிடம் வந்து ஏழைகளின் நிமிடத்தைக் குறைத்துப் போடு என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நடந்தது வேறு. யாருக்குக் காத்திருப்பு எவ்வளவு வலிக்கிறது என்று அறிய நாங்கள் பழைய பதிவுகளைப் பார்த்தோம். ஊழியர்கள் ஆறு ஏழு நிமிடத்துக்கு மேல் காத்திருந்தால் ரத்து செய்துவிட்டுத் தனி டாக்சி பிடித்தார்கள். கோடு சடாரென்று ஏறியது. உதவிப் பணியாளர்கள் பத்து நிமிடம் ஆனாலும் ரத்து செய்யவில்லை. இருபது ஆனாலும் இல்லை. அவர்களுடைய கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. புகாரும் இல்லை. ஆகவே இவர்களுக்குக் காத்திருப்பு அவ்வளவாக வலிக்கவில்லை என்று கணக்கு படித்துக்கொண்டது. நான் ஒரு ஸ்லைடு செய்தேன். தலைப்பு: பொறுமை அதிகமுள்ள பிரிவு.

அந்தப் படுத்த கோட்டை முதன்முதலில் பார்த்தது ஒரு மாலையில். ரத்து செய்துவிட்டு அவர்கள் எதில் போவார்கள்? அந்தக் கேள்வி வந்தது. வந்ததை நான் பார்த்தேன். அறைக்குள் வந்த ஆளைக் கண்டும் காணாமல் கணினியைப் பார்ப்போமே, அப்படிப் பார்த்தேன். அறையில் இருந்த மற்றவர்களுக்கு அந்தக் கோட்டின் அர்த்தம் தெரிய வழியில்லை. அவர்கள் வளர்ந்த வீடுகளில் வண்டி எப்போதும் வாசலில் நின்றது. எனக்குத் தெரியும்.

ஏனென்றால் அப்பா. சுரங்கத்துக்குள் இறங்கும் குழியான ஷாஃப்டின் வாயில் நின்று கூண்டுக்கு மணியடிப்பது அப்பாவின் வேலை என்று உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆட்களைத் தலை எண்ணிக் கூண்டில் ஏற்றி, கம்பிக் கதவைச் சாத்தி, மணியடித்தால் கூண்டு இறங்கும். ஷிஃப்ட் முடிந்து கீழே ஆட்கள் மேலே வர நின்றுகொண்டிருக்கும்போது, சில நாள் யாராவது அதிகாரி மேலிருந்து இறங்க வேண்டும் என்று வருவார். கீழே நிற்பவர்கள் நிற்க, அவர் ஒருவருக்காகக் கூண்டு கிட்டத்தட்டக் காலியாக இறங்கும். அப்பாதான் மணியடிப்பார். அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தால் டீ குடித்து முடிக்கிறவரை பேச மாட்டார். அம்மா ஒருநாள், "அதிகாரி போனாரு, நீ இன்னா பண்ணுவ?" என்றாள். அப்பா, "மணி அடிச்சது நான்தான?" என்றார்.

கீழே நின்றவர்களில் சின்னப்பன் மாமா ஒருவர். பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவது எங்களுக்குக் கேட்கும்.

அப்பாவுக்கு வேறு வழியில்லை. எனக்கு இருந்தது. வழி கண்டுபிடிப்பதுதான் என் தொழிலே.

6

கௌதமிடம் போய் எடையை ஒன்றாக்கலாம் என்றேன்.

"சராசரி ஏறிடுமே," என்றார். "அவங்க தரப்புல கம்ப்ளெயின்ட் ஏதாவது வந்திருக்கா?"

"இல்லை."

"அப்புறம்?" அவர் முகத்தில் கெடுதல் எதுவும் இல்லை. "அடுத்த ரிவ்யூல எடுத்துட்டு வாங்க. டேட்டாவோட."

ரிவ்யூவுக்கு ஒரு வாரம் இருந்தது. அதற்குள் பின்வாசலுக்குப் போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினேன். இத்தனை நாளில் நான் அந்த வாசலைப் பார்த்ததே இல்லை. செக்யூரிட்டி நாகராஜ் என் அட்டையைப் பார்த்துவிட்டு, "சார், நீவு முந்தின கேட்" என்று முன்வாசலைக் காட்டினார். என் அட்டைக்குப் பின்வாசல் திறக்காது. அனுமதி வாங்க ஆன்லைனில் ஒரு படிவம். காரணம் என்ற இடத்தில் நாமாக எழுத முடியாது, கொடுத்திருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சரக்கு. கழிவு. துப்புரவு. பழுதுபார்ப்பு. நான் கழிவு என்று கொடுத்தேன். இரண்டு நாளில் அனுமதி வந்தது.

பின்வாசல் என்பது ஒரு இரும்புக் கதவு, ஒரு ஜெனரேட்டர், சாக்கடை மேல் மூடிய சிமென்ட் பலகைகள். அந்தப் பலகைகள்மேல் ஆறு பெண்கள். ஆறு பேர் கையிலும் போன். பொறுமை அதிகமுள்ள பிரிவு.

"இன்னாடா, வழி மாறி வந்துட்டியா?" என்றாள் ஜெயமேரி அக்கா.

நான் பலகைமேல் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். அந்த வேன் கணக்கை எழுதியது நான் என்று சொன்னேன். கம்ப்யூட்டர் என்று சொன்னது பொய் என்று சொன்னேன். அவர்கள் நிமிடத்துக்கு நான் போட்ட எண்ணைச் சொன்னேன். மழை நாளில் அந்த வேனில் நான் இருந்ததையும் சொன்னேன். சொல்லிவிட்டுத் திட்டு விழக் காத்திருந்தேன்.

அவள் திரும்பி மற்றவர்களிடம், "இவன் எங்க லைன் பையன்டி. எட்டாவது வூடு. இந்த வேனு விடறதே இவன்தானாம்" என்றாள்.

சரோஜா எழுந்து முந்தானையால் பலகையைத் துடைத்து, "உக்காருங்க சார்" என்றாள். நாகம்மா என்ற பெண் கன்னடத்தில், "ஒள்ளேதாயித்து, இன்மேலே பேக பருத்தல்லா?" என்று கேட்டாள். நல்லதாய்ப் போயிற்று, இனிமேல் சீக்கிரம் வரும்தானே?

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். துடைத்த பலகையில் உட்காருவதுதான் முடியவில்லை.

7

உட்காராமல் நின்றவன், பழக்கதோஷத்தில் போனை எடுத்து எனக்கு ஒரு வேன் அழுத்தினேன். இரண்டு நிமிடம் என்றது. எனக்கு வீட்டுக்குப் போகவே மனமில்லை. கை தானாக அழுத்தியது.

இரண்டு நிமிடத்தில் வேன் தெரு முனையில் திரும்பி, பின்வாசலுக்கு, எனக்காக, வந்துகொண்டிருந்தது. அதே கணம் ஆறு போன்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன.

"அய்ய, எனுக்கும் ரெண்டு நிமிசம் காட்டுது!"

"எனுக்கும்!"

எனக்குப் புரிய ஒரு வினாடி போதும், அது நான் எழுதியது. காலி வேனைக்கூடக் கணக்கு முன்வாசலில் அழைக்கப்போகும் ஊழியர்களுக்காகப் பிடித்து வைக்கும்; இந்த வேன் எப்படியும் எனக்காகப் பின்வாசலுக்கு வருகிறது. திரும்பும் செலவை என் நிமிடத்தின் எடை ஏற்றுக்கொண்டுவிட்டது. அதே இடத்தில் நிற்கிற இன்னொருவரைச் செருகினால் கூடுதலாக எதுவும் வீணாகாது. அவர்கள் நிமிடம் 0.4 ஆக இருந்தாலும் சரி, பூஜ்யமாக இருந்தாலும் சரி. நான் அவர்கள் பக்கத்தில் நின்றால் அவர்கள் மலிவு.

உள்ளே ஏழு இடமும் காலி. ஆறு பேரும் ஏறினார்கள். மீதி ஒன்று எனக்கு, அவர்களோடு போய் உட்கார மனம் வரவில்லை. மஞ்சுநாத், "சார், புக்கிங் நிம்தே அல்வா?" என்றார். என் பெயரில் வந்த வண்டிதானே என்று. நீங்க போங்க, நான் வரவில்லை என்றேன்.

ஜெயமேரி அக்கா ஜன்னலில் தலையை நீட்டினாள். "அப்ப நீ நின்னாதான் வண்டி நிக்குமாடா?"

"ஆமாக்கா."

அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். அன்று அவளுக்கு ரயில் கிடைத்தது.

அடுத்த நாளும் ஐந்தரைக்கு நான் பின்வாசலில் நின்றேன். அதற்கு அடுத்த நாளும். நின்றேன், அழுத்தினேன், வேன் வந்தது, அவர்கள் ஏறினார்கள், நான் நடந்து வீட்டுக்குப் போனேன். நடப்பது சுகமாகத்தான் இருந்தது. அந்தச் சுகத்தைக் கண்டு கூசினேன். எவ்வளவு சின்ன வேலை! ஒரு தூணாக நிற்பது. அதற்குள் நான் நல்லவனாகிவிட்டதாக என் கால்களுக்கு நினைப்பு.

மூன்றாம் நாள் இரவு உணவின்போது போனில் செய்தி வந்தது. மூன்று முறை வண்டி அழைத்து ஏறாமல் விட்டதால், ஏழு நாட்களுக்கு என் அழைப்புகள் கடைசி வரிசைக்குத் தள்ளப்படுகின்றன. மற்ற பயணிகளின் நேரத்தை மதிக்கும்படி கேட்டுக்கொண்டிருந்தது. அந்த விதியும் என்னுடையது. அந்த வாசகமும்.

நிவேதா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "உங்க ஆப்பே உங்கள ப்ளாக் பண்ணிடுச்சா? ஏன் ஏறலப்பா?"

இந்த முறை விளக்கினேன். லைனிலிருந்து ஆரம்பித்து விளக்கினேன். தட்டு காய்ந்துவிட்டது. கடைசியில் அவள் கேட்டது: "அந்த ஆன்ட்டி வேலை பாக்கறது உங்க பில்டிங்லயே. எட்டு மாசம். நீங்க ஒரு தடவைகூட பாக்கலயா?"

8

மறுநாள்தான் ரிவ்யூ. மாலை ஐந்து மணி, ஐந்தாவது மாடி, பின்பக்க அறை. ஜன்னலிலிருந்து ஜெனரேட்டரும் சிமென்ட் பலகைகளும் தெரிந்தன. அந்த அறையில் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னல் திரை எப்போதும் இறங்கியிருக்கும். அன்று நான் ஏற்றி வைத்தேன்.

என் முறை வர ஐந்தே முக்கால் ஆகிவிட்டது. புதிதாக எதுவும் தயார் செய்யவில்லை. பழைய ஸ்லைடையே எடுத்து வந்திருந்தேன். அதே இரண்டு கோடுகள், ஏறுவது ஒன்று, படுத்தது ஒன்று. தலைப்பை மட்டும் மாற்றியிருந்தேன். இங்கிலீஷில் இரண்டு வாக்கியம் பேசியிருப்பேன், மேசைமேல் போன் அதிர்ந்தது. ஜெயமேரி அக்கா.

சுற்றிப் பன்னிரண்டு பேர். கேக் வெட்டியபோது இருந்த அதே பன்னிரண்டு பேர்.

எடுத்தேன். "சொல்லுங்கக்கா."

"வண்டி வரவே மாட்டேங்குதுடா. முப்பது நிமிசம்னு காட்டுது. நீ இன்னும் எறங்கலியா?"

"நான் வந்து நின்னாலும் இன்னிக்கி வராதுக்கா. என்னையும் தள்ளி வெச்சிடுச்சு."

"இன்னா சொல்ற?"

"தப்பு என்னோடதுக்கா. அதத்தான் இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்."

மறுமுனையில் ஜெனரேட்டர் இரைந்தது. அதற்கு மேல் குரலை உயர்த்தி, "எல்லாரும் பக்கத்துல கீறாங்களா?" என்றாள்.

"இருக்காங்கக்கா."

"பரவால்லியே. கேக்கு வெட்டும்போது வராத தமிழு இன்னிக்கி வருது."

வைத்துவிட்டாள்.

ஜன்னலில் பார்த்தேன். ஆறு பேரும் பலகையிலிருந்து எழுந்துவிட்டார்கள். சுவரோரமாக, ஒருவர் பின் ஒருவராக, ஸ்டேஷன் திசையில் நடந்தார்கள். முன்னால் போகிறவள் மட்டும் ஓட்டமும் நடையுமாக, பையை மார்போடு அணைத்துக்கொண்டு. அந்தத் தூரத்தை அரை மணியில் நடக்க முடியாது. எனக்கு அந்தத் தூரங்கள் மனப்பாடம். அன்று ஆறேகால் ரயில் அவளில்லாமல்தான் போனது. சின்னப்பன் மாமா ஏழரையிலிருந்து ஒன்பதரைவரை தனியாக இருந்தார். கரண்ட் போகவில்லை. போகாதது யாருடைய கணக்கினாலும் அல்ல.

அறையில் அதற்குப் பிறகு நடந்தது அலுவலகக் காரியம். ஒரு மாதம் எடையை ஒன்றாக வைத்து ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது. சராசரி ஏறினால் என்ன செய்வது என்பதற்கு ஒரு குழு. அந்த மாதத்தில் இன்று பதினோராவது நாள். பின்வாசலில் வேன் திரும்புகிறது. பன்னிரண்டாவது மாதத்திலும் திரும்புமா என்று என்னால் சொல்ல முடியாது. அதையெல்லாம் எழுதி உங்கள் மலரின் பக்கத்தை நிரப்ப விரும்பவில்லை.

சொல்ல வந்தது ஒரு கேள்வியைப் பற்றி. போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். கௌதம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். 'பொறுமை அதிகமுள்ள பிரிவு' என்று இருந்த இடத்தில் 'வேறு வண்டி இல்லாதவர்கள்' என்று இருந்தது. அவர் படுத்த கோட்டின்மேல் விரலை வைத்து, அதன் நீளம் முழுக்க மெதுவாக இழுத்தார்.

"சாமுவேல், இதுதான் அர்த்தம்னு உங்களுக்கு எப்ப தெரிஞ்சது?"

பொய் சொல்ல வசதியான கேள்வி. கேக் வெட்டிய நாள் என்று சொல்லலாம். பின்வாசலுக்குப் போன நாள் என்று சொல்லலாம். இரண்டையும் நம்புவார்கள், மெச்சவும் செய்வார்கள்.

"முதல் நாளே," என்றேன்.